என் கால் தேறும்வரை சூப்பு காய்ச்சித் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பினாங்கு, குளுகோர் வட்டாரத்து அன்பு நெஞ்சங்களுக்கு வணக்கம்.

கணுக்கால் எலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, காலை ஊன்ற முடியாமல் வீட்டோடு கிடந்த நாள்களில் எனக்குச் சூப்பும் ரசமும் கஞ்சியும் காய்ச்சிக் கொடுத்து என்னைச் சாப்பிட வைத்த அனைவருக்கும் இந்த மடலின் வழியே நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லியிருக்கிறேன். ஆயினும் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. ஒரே அடுக்குமாடியின் வெவ்வேறு தளங்களில், ஒருவர் மொழி ஒருவருக்கு முழுதும் புரியாத வீடுகளில், எனக்காக அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்பதை எல்லாரும் அறிய எழுதிவைக்காமல் என் மனம் ஆறாது.

நான் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவள். கணவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை அமைந்ததால் இங்கு வந்து குடியேறினோம். பினாங்கில் நம் உணவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. லிட்டில் இந்தியாவில் துவரம்பருப்பு முதல் மணத்தக்காளி வற்றல் வரை கிடைக்கிறது. வாழையிலைச் சாப்பாட்டோடு தம்ளரில் ரசம் கேட்டு வாங்கிக் குடிக்கலாம். உடம்பு நன்றாக இருந்தவரை எனக்கு ஊர்ச் சாப்பாட்டின் ஏக்கம் பெரிதாக இருந்ததில்லை. படுத்த பிறகுதான் அது வந்தது. மருந்தின் கசப்பு நாக்கில் தங்கி, சோற்றைப் பார்த்தாலே குமட்டிய அந்த நாள்களில், கடையில் எவ்வளவு நன்றாகச் சமைத்திருந்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பொட்டலத்தில் வரும் சூப்புப் பொடியைக் கணவர் கரைத்துத் தந்தார். அதையும் பாதியில் வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தவருக்கும் மூட்டுவலிக்காரருக்கும் கொல்லிமலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கிவந்து சூப்பு வைப்பார்கள். அது பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு. ஆட்டுக்காலைப் போல மேலே பழுப்பு மயிர் மூடியிருக்கும். அதைச் சுரண்டி, துண்டாக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துத் தட்டி வேகவைத்து இறுத்தால் மண்மணத்தோடு ஒரு காரம் தொண்டையில் இறங்கும். கொல்லிமலைக்குப் போகிறவர்கள் சாலையோரக் கடைகளில் அதைக் குடித்திருப்பீர்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அம்மாவுக்குக் கடவுச்சீட்டு இல்லை. தனியே விமானம் ஏறும் வயதும் தாண்டிவிட்டது. பச்சைக் கிழங்கை முன் அனுமதி இல்லாமல் இந்நாட்டுக்குள் கொண்டுவரவும் இயலாது. கைப்பேசியில் அம்மா அழுதார், நான் இந்தப் பக்கம் அழுதேன்.

முதல் நன்றி மூன்றாம் மாடி அக்காவுக்கு. அவருடைய முன்னோர் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்தவர்கள். அவர் தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை. நான் எதையும் சாப்பிடுவதில்லை என்று கணவர் மின்தூக்கியில் சொல்லக் கேட்டு, அன்று மாலையே வந்து என் கட்டிலருகே உட்கார்ந்து, "உங்க அம்மாவுக்குப் போன் போட்டுக் குடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றார். அம்மா அவரை எடுத்த எடுப்பில் அம்மிணி என்றே அழைத்தார். கிழங்குக்கு வழியில்லை என்று தெரிந்ததும் பேச்சு கொள்ளு ரசத்துக்குப் போயிற்று. கொங்கு வீடுகளில் கொள்ளை இரவே ஊறவைத்து மறுநாள் குழைய வேகவைப்போம். வெந்த பருப்பைக் கடைந்து சோற்றுக்கு வைத்துக்கொண்டு, வடித்த நீரில் ரசம் வைப்போம். "அந்தத் தண்ணியக் கீழ ஊத்திப் போடாதீங்க அம்மிணி, சத்தெல்லாம் அதுலதான் கெடக்குது" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்ல, அக்கா ஒவ்வொரு முறையும் சலிக்காமல் "சரிங்கம்மா" என்றார். பிறகு கைப்பேசியை அடுப்பு மேடையில் சாய்த்து நிறுத்திவிட்டு, அம்மா பார்த்துக்கொண்டிருக்க ரசத்தைக் கூட்டினார். மிளகை எவ்வளவு கரகரப்பாகப் பொடிக்க வேண்டும் என்பதைக்கூட உரலைக் கேமரா முன் தூக்கிக் காட்டிக் கேட்டுக்கொண்டார். அன்றைக்குத்தான் ஒரு தட்டுச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டேன். அக்கா, தமக்குப் பழக்கமே இல்லாத ஒரு ரசத்தைத் தம் கைப்பக்குவம் கலக்காமல் என் அம்மாவின் பக்குவத்திலேயே வைத்துத் தந்தீர்கள். சமையல் தெரிந்த ஒருவர் தம் கையை அப்படி அடக்கிக்கொள்வது எவ்வளவு அரிது என்பதை அறிந்தே இந்த நன்றியைச் சொல்கிறேன்.

அதற்குப் பின் அவர் தம் வீட்டுப் பக்குவத்தில் ஆட்டுக்கால் சூப்பும் வைத்தார். செரை என்று இங்கே அழைக்கும் எலுமிச்சைப்புல் தண்டை நசுக்கிப் போட்டிருந்தார். ஊரில் நான் கண்டிராத மணம் அது. இப்போது அது இல்லாத ஆட்டுக்கால் சூப்பு எனக்கு நிறைவாகத் தோன்றாது. கால்களைத் தந்தவர் சௌராஸ்தா சந்தைப் பக்கம் இறைச்சிக் கடை வைத்திருக்கும் மாமா. அவருடைய தாத்தா கடையநல்லூரிலிருந்து கப்பலேறி வந்தவர். நோயாளிக்கு என்று சொன்னதும் கால்களைத் தாமே தீயில் வாட்டி, மயிர் ஒன்று மிஞ்சாமல் சுரண்டி, துண்டுபோட்டுக் கொடுத்தார். ஆட்டுக்கால் சுத்தம் செய்வது எத்தனை கையொடிகிற வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். அது ரமலான் மாதம். 1801-இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் காய்ச்சிய நோன்புக் கஞ்சியையும் ஒரு தூக்கில் அவரே கொடுத்தனுப்பினார். கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தேன்.

அதே ரமலான் மாதத்தில்தான் கீழ்த்தளத்து மக்சிக் (மலாய் மூதாட்டியை அன்போடு அப்படித்தான் அழைப்போம்) எனக்கு விரால் மீன் சூப்பு வைத்துத் தந்தார். ஹாருவான் என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் மீன் நம் விரால்தான். காவிரிக்கரையில் மோகனூர்ப் பக்கம் நாங்கள் குழம்பு வைக்கிற அதே மீன். அறுவைச் சிகிச்சை ஆனவருக்கும் பிள்ளை பெற்றவருக்கும் புண் ஆற அதைக் கொடுப்பது மலாய்க் குடும்பங்களில் நெடுங்கால வழக்கம்; மலேசியப் பல்கலைக்கழகங்களில் அதைப் பற்றி ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. மக்சிக் உயிர்மீனாகத் தேடி வாங்கி, இஞ்சி, பூண்டு, மிளகு மட்டும் தட்டிப் போட்டு, மிளகாய் சேர்க்காமல் தெளிவாகக் காய்ச்சினார். பகல் முழுதும் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் நோன்பிருந்தவர், மாலைத் தொழுகைக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் இடையில் தம் குடும்பத்துக்குச் சமைக்கும் அவசரத்தில் எனக்கென்று ஒரு தனி அடுப்பை ஒதுக்கினார். நாக்கில் வைத்து உப்புப் பார்க்க மாட்டார் என்பதால் என் கணவரை வாசலுக்கு அழைத்து, ஒரு கரண்டி ஊற்றித் தந்து, உப்பு சரியா என்று கேட்டுவிட்டுத்தான் பாத்திரத்தைக் கொடுப்பார். ஒரு நாளும் உப்பு கூடியதில்லை, குறைந்ததும் இல்லை. நான் தெரிமா காசி என்று சொல்லும்போதெல்லாம் அவர் கையை அசைத்து மறுத்துவிடுவார். இங்கே எழுத்தில் அவரால் மறுக்க முடியாது.

எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி கான்டனீஸ் குடும்பத்தில் பிறந்தவர். கால் அடிபட்டவருக்குக் கோழிக்காலும் வேர்க்கடலையும் சேர்த்துச் சூப்பு கொடுப்பது அவர்கள் வழக்கம். கடலை, காய்ந்த காளான், சிவப்பு இலந்தை வற்றல் ஆகியவற்றோடு கோழிக்காலைப் போட்டு, சிறு தீயில் மணிக்கணக்கில் விட்டுவிடுவார்கள். மசாலா கிடையாது, கடைசியில் உப்பு மட்டும். மிளகும் சீரகமும் இல்லாத சூப்பு முதல் வாயில் எனக்கு ஒன்றுமில்லாததாகத் தோன்றியது. மூன்றாம் வாயில் கடலையின் இனிப்பு தெரிந்தது. கடலைக் காட்டில் வளர்ந்தவளுக்கு அது அந்நியமா என்ன? ஆன்ட்டியைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேறு. குவான் யின் தேவியை வழிபடுபவர் ஆகையால் அவர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. ஆனால் வீட்டில் பன்றி இறைச்சி சமைப்பார்கள்; நான் அதை உண்பதில்லை என்று அவருக்குத் தெரியும். அதனால் எனக்குச் சமைப்பதற்கென்றே புதிதாக ஒரு பானையும் கரண்டியும் வாங்கி, அவற்றில் வேறெதுவும் சமைக்காமல் தனியே எடுத்து வைத்திருந்தார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அவர் மகள் சொல்லித்தான் அறிந்தேன். யாரும் கேட்காமல், எவருக்கும் காட்டாமல் அவர் கடைப்பிடித்த அந்த மரியாதையை எந்தச் சொல்லால் வணங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆன்ட்டிதான் என் கணவரைச் சீன மருந்துக் கடைக்கு அழைத்துச் சென்றார். முடவாட்டுக்காலைப் பற்றிச் சொன்னதும் கடைப் பெரியவர் ஒரு இழுப்பறையைத் திறந்து காய்ந்த கிழங்குத் துண்டுகளைக் காட்டினாராம். எலும்பு முறிவுக்குச் சீன மருத்துவத்தில் பயன்படும் அதுவும் அதே இனத்துப் பெரணி, வேறு வகை. ஆனால் நான் ஏற்கெனவே மருத்துவமனை மருந்துகளை உட்கொள்வதைக் கேட்டறிந்து, மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தர மாட்டேன் என்று சொல்லிக் காசு வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். விற்காமல் காட்டிய அந்த அக்கறைக்கும் என் நன்றி.

மருத்துவமனையின் உணவு ஆலோசகரையும் இங்கே நினைக்க வேண்டும். எலும்புச் சூப்பில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கிறது என்று நாம் நம்புகிறோம். உண்மையில் அதில் அது குறைவு என்று அவர் பொறுமையாக விளக்கினார். பால், முட்டை, கீரை, முள்ளோடு தின்னக்கூடிய நெத்திலி ஆகியவற்றைச் சேர்க்கச் சொன்னார். ஆனால் சூப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அதைக் குடித்தால் சாப்பாடு இறங்குகிறது என்றால் கட்டாயம் குடியுங்கள் என்றார். என் எலும்பை ஒட்டவைத்தது மருத்துவரின் கையும் காலமும் என்பதை நான் அறிவேன். பசியை எனக்குத் திருப்பித் தந்தது நீங்கள். பசி வந்த பிறகுதான் நடைப்பயிற்சிக்கான தெம்பே வந்தது.

இரவு வேலையை மாற்றிக்கொண்டு என் கணவரை வீட்டில் இருக்கவிட்ட அவருடைய தொழிற்சாலை நண்பர்களுக்கும், தண்ணீர்மலை முருகன் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்து விபூதி கொண்டுவந்த தம்பதியருக்கும், பள்ளி விட்டு வரும்போதெல்லாம் காலிப் பாத்திரங்களை மாடி மாடியாகக் கொண்டுபோய்ச் சேர்த்த ஐந்தாம் மாடிச் சிறுமிக்கும் நன்றி. என் அம்மாவும் தம் நன்றியை உங்களுக்குச் சொல்லச் சொன்னார். அக்காவிடம் மட்டும் அவரே தினமும் பேசிக்கொண்டிருக்கிறார்.

இப்போது ஊன்றுகோலோடு அடுப்படியில் நிற்கிறேன். வாங்கிய பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பித் தருவது எங்கள் வழக்கமில்லை. ஆன்ட்டிக்கும் மக்சிக்குக்கும் காரம் குறைத்த கொள்ளு ரசமும், அக்காவுக்கு அரிசி பருப்புச் சாதமும், மாமா கடைக்கு எள்ளுருண்டையும் வரும்.

இன்னும் ஒருவர் எஞ்சியிருக்கிறார். எங்கள் இரும்புக் கதவில் பல காலைகளில் உருவி ஆய்ந்த முருங்கைக்கீரை ஒரு பையில் தொங்கியது. வைத்தவர் யார் என்று இதுவரை தெரியவில்லை. மேலே சொன்ன எல்லாரிடமும் கேட்டுவிட்டேன், எவரும் தாம் இல்லை என்கிறார்கள். அந்தக் கீரையை மிளகுபோட்டுச் சூப்பாக வைத்துக் குடித்தோம். இதைப் படிக்கும் நீங்கள்தான் அவர் என்றால் தயவுசெய்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உங்களுக்கும் ஒரு தூக்கு ரசம் தர வேண்டியிருக்கிறது.

நன்றியுடன்,
குளுகோரில் வாழும் நாமக்கல் பெண்