பட்டறையை இப்போதைக்கு மூடாதே

ஹிகாஷி ஒசாகா,
ஜப்பான்.

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே குளிர் வாட்டுகிறது. காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. காய்கறி சூப் என்று வாங்கினாலும் கருவாட்டு வாசம் வரும், அதனால் ரசமும் பருப்பும் நானே வைத்துக்கொள்கிறேன். வேலை பிடித்திருக்கிறது.

"வர்ற பணம் கரண்ட் பில்லுக்கும் கூலிக்குமே சரியாப் போகுது, எதுக்கு இந்தப் பட்டறையை ஓட்டறேன்னே தெரியலக்கா" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு இரண்டு நாளாக எனக்கு வேறு நினைப்பே இல்லை.

நான் இருக்கும் இடத்துக்கு நீ வந்தால் நம்ம கோவை கணபதியில் இருக்கிறோம் என்றே நினைப்பாய். சந்துக்குச் சந்து லேத் சத்தம், கட்டிங் ஆயில் வாசம். ஹார்ட்லாக் என்று ஒரு நட் கம்பெனி இந்த ஊரில்தான் இருக்கிறது. எவ்வளவு அதிர்ந்தாலும் கழலாத நட். ஷிங்கன்சென் என்கிற புல்லட் ரயிலில் அதைப் போடுகிறார்கள். இரண்டு நட் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். ஒன்றின் மையம் துளி விலகி இருப்பதால், முறுக்க முறுக்க ஆப்பு வைத்தது போல இறுகிவிடும். சுமியோஷி கோயில் வாசலில் மரச்சட்டத்துக்குள் அடித்திருந்த ஆப்பைப் பார்த்துத்தான் அதைச் செய்தவருக்கு யோசனை வந்ததாம்.

எங்கள் கம்பெனி அவ்வளவு பெரியதில்லை. போல்ட்டும் பின்னும் கடைகிறோம், நான் செக்கிங்கில் இருக்கிறேன். லேத்தில் நிற்கும் பெரியவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். டூல் மழுங்கினால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அளவுக்குள்தான் இருக்கிறது என்று நான் பாஸ் பண்ணிய ஒரு பின்னை நகத்தால் தடவிப் பார்த்துத் தனியே எடுத்து வைத்தார். ஏன் என்று கேட்டேன். "இது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போகுது. ராத்திரி நோயாளி திரும்பிப் படுக்கும்போது சத்தம் வரக்கூடாது" என்றார். அந்தக் கட்டிலை அவர் பார்த்ததுகூட இல்லை.

லீவு நாளில் கடோமாவில் இருக்கும் பானசோனிக் மியூசியத்துக்குப் போனேன். பானசோனிக் கம்பெனியை ஆரம்பித்த மட்சுஷிதா கொனோசுகே ஒன்பது வயதில் கடைப்பையனாக ஒசாகாவுக்கு வந்தவர். 1918இல் மனைவியையும் மச்சானையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே தொழிலைத் தொடங்கினார். 1929 கடைசியில் மந்தம் வந்து விற்பனை பாதியாக விழுந்தது. ஆனாலும் ஓர் ஆளைக்கூட நிறுத்தவில்லை. அரை நாள் உற்பத்தி, முழுச் சம்பளம். மிச்ச நேரத்தில் எல்லோரும் போய்த் தேங்கிய சரக்கை விற்றார்கள், இரண்டு மாதத்தில் குடோன் காலி.

இத்தனைக்கும் பிறகு, 1932இல்தான் அவருக்கே இந்தத் தொழில் எதற்கு என்று தெளிந்தது. ஒரு மதத்தாரின் தலைமையிடத்துக்குப் போனபோது, ஜனங்கள் கூலி வாங்காமல் முகம் மலர வேலை செய்வதைப் பார்த்திருக்கிறார். அந்த மே 5ஆம் தேதி 168 ஊழியர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். தெருக்குழாயில் வழிப்போக்கன் தண்ணீர் குடித்தால் யாரும் திட்டுவதில்லை, அவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது. சாமான்களையும் அப்படி ஏராளமாக, மலிவாகச் செய்து வறுமையை ஒழிப்பதே நம் வேலை என்றார். அதற்கு 250 வருஷத் திட்டமும் போட்டார். தொழில் தொடங்கிப் பதினாலு வருஷம் கழித்துத்தான் இது, கண்ணு. உனக்கு இன்னும் பிடிபடவில்லை என்று மனசு விட்டுவிடாதே.

நீ கடையும் ஷாஃப்ட் எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறாயா? பம்ப்பைச் சுழற்றும் தண்டாக ஏறி, ஆயிரம் அடி போர்வெல்லுக்குள் இறங்குகிறது. அது கோணிப்போனால் பேரிங் போகும், மோட்டார் மாட்டிக்கொள்ளும். கிரேன் வைத்து மொத்தக் குழாயையும் மேலே தூக்க வேண்டும். அந்தச் செலவு விவசாயி தலையில், அதுவரை வாழைக்குத் தண்ணீர் கிடையாது. ஒரு நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு, போர் மோட்டார் கழற்றும் மெக்கானிக்கோடு ஒரு தோட்டத்துக்குப் போய் வா. உங்கள் ஷாஃப்ட் எங்கே தேய்கிறது, எதனால் திரும்பி வருகிறது என்று கண்ணால் பார். பையன்களையும் கூட்டிப் போ.

இதனால் கரண்ட் பில் குறையாது என்று எனக்கும் தெரியும். மூன்று மாதமாக உனக்குப் பணம் தராமல் இழுக்கும் கம்பெனியை முதலில் கேள். சிறு தொழில்காரருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது. சிறு தொழிலுக்கென்று அரசாங்கத்தில் செய்யும் உத்யம் பதிவு நமக்கு இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள். அதற்கும் வழியில்லாமல், தோட்டத்தைப் பார்த்த பிறகும் உனக்கு மனசு ஒட்டவில்லை என்றால் மூடிவிடலாம், நானே அப்பாவிடம் பேசுகிறேன்.

அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே. போய் வந்ததும், கழற்றிய ஷாஃப்ட்டை போட்டோ எடுத்து அனுப்பு. பேரிங் உட்காரும் இடம் தெளிவாகத் தெரியட்டும், பெரியவரிடம் காட்டிக் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா