508-ஆவது அமினோ அமிலம்

அன்புள்ள கண்ணா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாதது தப்புதான். திட்டுவதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது.

மகளுக்குச் செல் நுண்ணுறுப்புகள் பாடம் சொல்லித்தர உட்கார்ந்தவன், மூன்று வாரமாக அதிலேயே கிடக்கிறேன். புரதங்களைப் பிரித்து அனுப்பும் கோல்கை உறுப்பை வரையச் சொன்னால் தோசை அடுக்கி வைத்தாயே, மேடம் முகம் ஞாபகம் இருக்கிறதா? அப்படி வரைந்து மார்க் வாங்கியதோடு சரி. உள்ளே என்ன ஓடுகிறது என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

1967-இல் ஜேமிசன், பலாடே என்ற இரண்டு விஞ்ஞானிகள் கணையச் செல்களுக்கு 3 நிமிடம் மட்டும் கதிரியக்க அமினோ அமிலம், அதாவது புரதம் கட்டும் துண்டு, கொடுத்து, அதில் உருவான புரதம் போன வழியைப் பார்த்திருக்கிறார்கள். முதலில் புரதம் உருவாகும் இடமான சொரசொரப்பான எண்டோபிளாச வலை, சுமார் 20 நிமிடத்தில் கோல்கை, இரண்டு மணி நேரத்தில் சுரக்கத் தயாரான துகள்கள். படித்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். அசையாமல் நின்ற அந்தப் படத்துக்குள் போக்குவரத்து நடக்கிறதடா!

கொழுப்பை நாம் சேமிப்புச் சரக்கு என்றே நினைத்திருந்தோம். ஆனால் செல்லுக்குள் புரதத்தைச் சுமந்து போகும் குட்டிப் பையான நுண்பையின் சுவரே கொழுப்புதான். வழவழப்பான எண்டோபிளாச வலையில் உருவாகும் கொழுப்பு, நுண்பையாகக் கிள்ளப்பட்டுப் போய், கடைசியில் செல் சவ்வோடு கலந்து சவ்வாகவே ஆகிவிடுகிறது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கோ நுண்பையே வேண்டாம். வலை அதை ஒட்டி நிற்கும் இடத்தில் கொழுப்பு நேராகக் கைமாறுகிறது.

அப்புறம் ஒன்று, இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் குளோரைடைக் கடத்தும் ஒரு புரதம் பழுதாகிறது. அதில் 1480 அமினோ அமிலங்கள். பெரும்பாலான நோயாளிகளிடம் 508-ஆவது ஒன்று மட்டும் இல்லை. அதனால் புரதம் தன் வடிவத்துக்கு மடியும்போது மடிப்பு சரியாக விழுவதில்லை. எண்டோபிளாச வலை அதைப் பிடித்து நிறுத்தி, அழிக்க அனுப்பிவிடுகிறது. செல் சவ்வுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் ஓரளவாவது வேலை செய்திருக்கும், கண்ணா! வாசலிலேயே தடுக்கப்பட்டதால் ஒரு குழந்தைக்கு நுரையீரலில் சளி கெட்டியாகிறது. அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் கோணல் புரதங்கள் செல்லெங்கும் குவியும், அதுவும் புரிகிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

இப்போது அந்த மடிப்பைத் தாங்கிப் பிடித்து, புரதத்தை வெளியே போகவிடும் மருந்துகள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றான எலெக்சாகாஃப்டர் சேர்ந்த மாத்திரைக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைப் படித்த இரவுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

உன் ரெக்கார்டு நோட்டு இன்னும் இருக்கிறதா? அந்தத் தோசை அடுக்கை மகள் பார்க்க வேண்டுமாம். உடனே அனுப்பு.

அன்புடன்,
மணி