நிறம் போனால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்பொறி பிளாஸ்மாவை, அதாவது மின்பொறி பாய்ந்து மின்னேற்றம் பெற்ற வாயுவைக் கொண்டு சாயக்கழிவு நீரைச் சுத்தம் செய்யும் முறை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல அறிமுகம். ஆனால் ‘ரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை, அதனால் எதுவும் மிஞ்சுவதும் இல்லை’ என்று அதில் ஒரு வரி இருந்தது. முதல் பாதி சரி. இரண்டாவது பாதி சரியில்லை.

இடி மின்னலோடு பெய்யும் மழை பயிருக்கு நல்லது என்று ஊரில் சொல்வார்கள். மின்னல் காற்றில் உள்ள நைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் இணைத்துவிடுகிறது. அது மழையில் கரைந்து நைட்ரேட்டாக மண்ணில் இறங்குகிறது. 1905-இல் நார்வேயின் நோட்டோடன் நகரில் இதற்கென்றே ஆலை வைத்து, காற்றை மின்வில் வழியாகச் செலுத்தி உரம் தயாரித்தார்கள். நீர்ப்பரப்பின் மேல் காற்றில் பொறி பாய்ச்சும் பிளாஸ்மா கருவியிலும் நடப்பது இதேதான். நைட்ரேட், நைட்ரைட், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஓசோன் எல்லாம் நீரில் சேர்கின்றன. நீர் அமிலமாகி, பி.எச். அளவு 3 வரைகூட இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுத் தர அளவு. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து, காய்ச்சினாலும் போகாது. நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் ஏற்கெனவே அந்த அளவைத் தாண்டியிருக்கிறது.

சாயத்துக்கு வருவோம். சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அப்போதெல்லாம் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற வெளுப்பான்) ஊற்றினால் கருஞ்சிவப்புத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துவிடும். பார்க்க வந்தவர்கள் திருப்தியோடு போவார்கள். மறுநாள் சி.ஓ.டி. (நீரில் உள்ள கரிம அழுக்கைக் காட்டும் அளவு) பார்த்தால் பெரிய மாற்றம் இருக்காது. அசோ வகைச் சாயத்தில் இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையே உள்ள பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும், கார்பன் அணுக்களாலான பென்சீன் வளையங்கள் அப்படியே நிற்கும். பிளாஸ்மா ஹைப்போவைவிட வலிமையானது, வளையத்தையும் உடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் பாதியில் நிறுத்தினால் மிஞ்சுவது உடைசல்தான். காற்றில் இயக்கும்போது வளையத்தில் நைட்ரோ தொகுதி ஒட்டிக்கொண்டு நைட்ரோஃபீனால் போன்ற நச்சுப் பொருட்களும் உருவாகின்றன. சாயமேற்றப் போட்ட உப்பு எங்கும் போவதில்லை என்பதையும் நொய்யல் கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஓசோன். 2004 மார்ச்சில் இங்கிலாந்தில் கோகோ கோலா நிறுவனம் தன் டசானி தண்ணீர் பாட்டில்களை, ஏறத்தாழ 5 லட்சம், திரும்பப் பெற்றது. எடுத்த குழாய்த் தண்ணீரில் குறை இல்லை. அதில் சேர்த்த கால்சியம் குளோரைடில் புரோமைடு இருந்தது. ஓசோன் அதை உடலுக்குத் தீங்கான புரோமேட்டாக மாற்றிவிட்டது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் அனுமதி, அதைத் தாண்டிவிட்டது. ஓசோன் தரும் எந்தக் கருவியிலும், புரோமைடு உள்ள நீரில், இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

பரிசோதனை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. மின்சாரத்தை நிறுத்தியதும் வேதிவினை நிற்பதில்லை. அமில நீரில் நைட்ரைட்டும் பெராக்சைடும் தொடர்ந்து வினைபுரிகின்றன. நிறுத்தியவுடன் எடுத்த மாதிரியும் அடுத்த நாள் எடுத்ததும் ஒன்றாக இருக்காது. மிஞ்சிய பெராக்சைடு சி.ஓ.டி. அளவைக் கூட்டிக்காட்டும், அதை நீக்காமல் பார்த்த எண்ணை நம்ப முடியாது. மின்முனை தேய்ந்து உலோகமும் நீரில் கலக்கும்.

இந்த முறை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாயக்கழிவால் கிணறும் வயலும் கெட்டதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால், இது வெல்ல வேண்டும் என்றே ஆசைப்படுகிறேன். காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயுவில் இயக்கினால் நைட்ரேட் தொல்லை பெருமளவு குறையும், செலவுதான் கூடும். கட்டுரையாளர் அடுத்து எழுதும்போது, எந்த வாயுவில் இயக்கினார்கள், நைட்ரைட், நைட்ரேட், புரோமேட், கரிமக்கார்பன் எவ்வளவு மிஞ்சின, எத்தனை மணி நேரம் கழித்து அளந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதினால், எங்களைப் போன்றவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
திருப்பூர்.