பாப்பாவுக்கு, டேக் போடுவது பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீல டிக் விழுந்து அதோடு நின்றுவிடுகிறது, அதனால்தான் தபால். பதில் எழுதியே ஆகவேண்டும் என்று இல்லை. எழுதினால் அம்மாவுக்கு நிம்மதி.

பொங்கலுக்கு வந்தபோது லேப்டாப்பில் ஆப்சிடியன் என்கிற குறிப்பெழுதும் ஆப்பைத் திறந்து, ஒவ்வொரு குறிப்புக்கும் # வைத்து ஓர் அடையாளச் சொல், அதான் டேக், போட்டு ஆபீஸ் வேலைகளை எப்படிப் பிரித்து வைக்கிறாய் என்று காட்டினாயே, அதைப் பற்றி அன்றைக்கே சொல்ல நினைத்தேன். நீ உடனே லேப்டாப்பை மூடிவிட்டாய். அத்தனை பேரை வைத்து வேலை வாங்குகிறவள் என்று அந்தத் திரையைப் பார்த்தாலே தெரிந்தது. காட்பாடி சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் வழக்கம்போல, "மாப்பிள்ளை ஏன் வரலை?" என்றுதான் கேட்டான். ஆபீஸில் லீவு இல்லை என்று, நீ சொன்னதையே சொன்னேன்.

ரெக்கார்டு ரூமிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன், டேக் நல்ல விஷயம். எங்களுக்கு அது இல்லாமல் பட்ட பாடு கொஞ்சமா? 1989-ல் வட ஆற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது ஆரணி, செய்யாறு, போளூர், வந்தவாசிக் கோப்புக் கட்டுகளெல்லாம் திருவண்ணாமலைக்குப் போகவேண்டியதாயிற்று. ஆற்காட்டுக்காரருக்கு ஆரணியில் நிலம் இருந்தால் அந்தக் கோப்பு இங்கே வேலூரில் இருக்க வேண்டுமா, அங்கே போக வேண்டுமா? காகிதம் ஒன்று, அது ஒரு கட்டில்தான் இருக்கும். 2019-ல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடியும் பிரித்தார்கள். நல்லவேளை, அதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். உனக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே குறிப்புக்கு இரண்டு டேக் போட்டால் இரண்டு வழியிலும் கைக்கு வரும். இதைத்தான் சீர்காழி ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர், 1933-லேயே கோலன் பகுப்பு என்று கொண்டுவந்தார். ஒரு புத்தகத்தை ஒரே தலைப்புக்குள் அடைக்காமல், என்ன பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று தனித்தனியாகப் பார்த்து, அதையெல்லாம் சேர்த்து எண் கொடுப்பது. நான் இதை ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். சிரி, பரவாயில்லை.

ஆனால் நீ அளவுக்கு மீறிப் போட்டு வைத்திருக்கிறாய். பட்ஜெட் என்று உள்ளேயே எழுதியிருக்கும் குறிப்புக்கு #பட்ஜெட் எதற்கு? தேடினால் தானாக வந்து நிற்கும். தேடினால் கிடைக்காததற்குத்தான் டேக் வேண்டும். இது இப்போது யார் கையில் இருக்கிறது, அடுத்து செய்ய வேண்டியது என்ன, இந்த மாதிரி. அப்புறம் #மீட்டிங் என்று ஒன்று, #மீட்டிங்ஸ் என்று ஒன்று, #கூட்டம் என்று ஒன்று. இங்கிலீஷில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எப்படிப் போட்டாலும் அது ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் என்றாய், சரி. ஒருமை பன்மை அதற்குத் தெரியாதே. மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடு. டேக்கை எடுத்தால் குறிப்பும் போய்விடுமோ என்று பயப்படாதே, குறிப்பு அப்படியேதான் இருக்கும்.

#அவசரம் என்பதற்கு நேரே 63 என்று இருந்தது. அம்மா, 63 அவசரம் யாருக்கும் இருக்காது. நான் இருந்த செக்‌ஷனில் கோப்பின் மேல் 'அவசரம்' என்று சிவப்புச் சீட்டு செருகுவோம். போகப் போக மேஜையில் இருக்கிற எல்லாக் கோப்பிலும் அந்தச் சீட்டு. கடைசியில் சீட்டு இல்லாத கோப்பு வந்தால்தான், இது என்ன புதுசாக இருக்கிறது என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். நீ அந்த 63-ஐயும் ஒருநாள் உட்கார்ந்து பார். பாதிக்கு மேல் ஆறிப்போனதாக இருக்கும்.

முடிந்த வேலைக்கும் ஒரு டேக் வேண்டும். நாங்கள் கோப்பை முடிக்கும்போதே ஓ.மு., மூ.மு., ப.மு. என்று போட்டுவிடுவோம். ஓராண்டு வைத்திரு, மூன்றாண்டு வைத்திரு, பத்தாண்டு வைத்திரு. காலம் முடிந்ததும் கழித்துவிடலாம். உன் பட்டியலில் எதையும் கழிப்பதே கிடையாது போலிருக்கிறது. வெறும் 2025 என்று எண்ணை மட்டும் டேக்காகப் போட்டால் ஆப்சிடியன் ஏற்காது, கூட ஓர் எழுத்தாவது வேண்டும், அதனால் #கழி2025 என்று போட்டு வை. எனக்கு போனில் குறிப்பு எழுத கூகுள் கீப் போதும், டேக்குக்கு அங்கே லேபிள் என்று பெயர். அதில் 50 லேபிளுக்கு மேல் விடமாட்டான், அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

இதெல்லாம் கிடக்கட்டும். #காத்திருக்கிறது என்று வைத்திருக்கிறாயே, அதுதான் என் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. 41 குறிப்பு. இரண்டு மூன்றைத் திறந்து காட்டினாய், ஒன்றில்கூட யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று இல்லை. காத்திருக்கிறது என்று போட்டால் கூடவே ஆள் பெயரையும் போடு. எந்தத் தேதி வரைக்கும் என்றும் போடு. தேதி தாண்டினால் நீயாகப் போய்க் கேள், கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. ஆள் பெயர் இல்லாமல் காத்திருப்பது வீண்.

இடது பக்கம் இருந்த அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே படித்தேன். நான் துருவவில்லை, நீதான் என் பக்கம் திருப்பி வைத்தாய். கோப்பு முகப்பைப் படித்துப் படித்துப் பழகிய கண், சும்மா இருக்காது. #வேலை என்பதன் கீழே #வேலை/ரிப்போர்ட், #வேலை/டீம், #வேலை/சம்பளம் என்று சாய்கோடு போட்டு ஒழுங்காக அடுக்கியிருந்தாய். #வேலை என்று தேடினால் கீழே இருப்பதும் சேர்ந்து வரும் என்று விளக்கினாய். அதற்கெல்லாம் கீழே #வக்கீல் என்று ஒன்று இருந்தது. #வேலை/வக்கீல் என்று இருந்திருந்தால் அப்பாவுக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. காண்ட்ராக்ட், அக்ரிமெண்ட் என்று ஆபீஸில் ஆயிரம் இருக்கும். இது தனியாக இருந்தது. அதற்கு அடுத்தது #வாடகை. நீங்கள் இருப்பது சொந்த ஃபிளாட்.

அம்மாவுக்கு இது தெரியாது. அவள் அப்போது அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். நானும் சொல்லவில்லை.

அவளுக்கு சிஎம்சி ஆஸ்பத்திரியில் சுகர் பார்த்தோம், போன தடவைக்கு இப்போது குறைந்திருக்கிறது. முழங்கால்தான் மாடிப்படி ஏற விடமாட்டேன் என்கிறது. மாடி ரூமைச் சுத்தம் பண்ணி வெள்ளை அடித்தாயிற்று. யாராவது வந்து தங்கினால் இருக்கட்டும் என்று ஃபேனும் மாற்றினேன். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் நல்லதாக வருகிறது, சந்தைக்குப் போகும்போதெல்லாம் அம்மா உன்னைச் சொல்கிறாள். பெங்களூர் என்ன அமெரிக்காவா? காட்பாடியில் வண்டி ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேருகிற தூரம். பொங்கலுக்கு அப்புறம் ஒரு எட்டு வந்து போக உனக்கு முடியவில்லை. வேலை இருக்கும், தெரியும். நானும் வேலை பார்த்தவன்தான்.

ஆரணி அத்தை விஷயம் உனக்குத் தெரியும். அப்போது இந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பதும் தெரியும், நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய், கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அந்த மாதிரிப் பேச்சு இனிமேல் இந்த வீட்டில் நடக்காது. சித்தப்பா வாயைத் திறந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். காசு விஷயம் என்றால் என் பெயரில் இருக்கும் டெபாசிட் ஆடியில் முதிர்கிறது, அவசியமானால் முன்னாலேயே எடுக்கலாம், பேங்கில் கேட்டுவிட்டேன். சும்மாதான் கேட்டேன்.

ஒன்றுமே இல்லை, ஆபீஸ் விஷயம்தான் அப்பா என்று நீ சொன்னால் அதோடு விட்டுவிடுவேன். ஆனால் சொல்லவேண்டும். #காத்திருக்கிறது என்று போட்டதில் என் பெயரையும் தேதியையும் போட்டுக்கொள். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் என் நம்பருக்குக் கூப்பிடு. அம்மா ஒன்பதரைக்கே மாத்திரை போட்டுப் படுத்துவிடுவாள், நான் திண்ணையில் இருப்பேன். வருவதானால் எந்த வண்டி என்று மட்டும் சொல், தனியாக வந்தாலும் சரி, ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன், ஆட்டோக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்காதே.

இப்படிக்கு,
அப்பா

பி.கு. போன் பண்ணும்போது அந்த #மீட்டிங்ஸ் டேக்கை எடுத்தாயா என்றும் கேட்பேன்.