உமிழ்ப்பானும் எமிட்டரும் ஒன்றுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலக்ட்ரானிக்ஸை அடிப்படையிலிருந்து கற்க எதைப் படிக்கலாம் என்று சென்ற இதழில் ஒரு மாணவர் கேட்டிருந்தார். வீடியோக்கள் நிறைய இருக்கின்றன என்று பதில் தந்திருந்தீர்கள். இருக்கின்றன, சரி. ஆனால் அவை மட்டும் போதாது.

நான் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் 2 படிக்கும் என் அக்கா மகள், இருட்டினால் தானே எரியும் விளக்கு ஒன்றை வீடியோ பார்த்துச் செய்தாள். அதில் சொன்ன டிரான்சிஸ்டர் (கரன்ட்டைப் பெருக்கித் தரும் மூன்று கால் பாகம்) பிசி547. அவள் வாங்கப் போன இடத்தில் அது இல்லாததால், "இதுவும் என்பிஎன்தாம்மா, அதே வகைதான்" என்று 2என்3904-ஐக் கொடுத்துவிட்டார்கள். எல்.இ.டி. மினுக் மினுக்கென்று மங்கலாகத்தான் எரிந்தது. இரண்டு நாள் ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அழாத குறையாக என்னிடம் வந்தாள்.

தட்டையான முகம் நம்மைப் பார்க்க வைத்தால், பிசி547-இன் கால்கள் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் இது அப்படியே தலைகீழ். மாற்றிச் செருகினாலும் கொஞ்சம் கரன்ட் ஓடும், பெருக்கம்தான் படுத்துவிடும். தயாரிப்பாளர் வெளியிடும் விவரத்தாளான டேட்டாஷீட்டின் முதல் பக்கத்திலேயே கால் படம் இருக்கிறது. போனில் எடுத்துக் காட்டினேன். திருப்பிச் செருகியதும் பளிச்சென்று எரிந்தது.

அந்தப் படத்தை அவளாகவே தேடிப் பார்க்காததற்குக் காரணம் உண்டு. அவள் தமிழ்வழி மாணவி. பாடநூலில் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என்று நன்றாகவே படித்திருக்கிறாள். அதுதான் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்கு மின்தேக்கி, டேட்டாஷீட்டில் கெப்பாசிட்டர், என் கடையில் கண்டென்சர். ஒரே பொருளுக்கு மூன்று பெயர் இருந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

நல்ல பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அமெரிக்கக் கடற்படை தன் பயிற்சியாளர்களுக்காக எழுதிய 24 பகுதிப் பாட வரிசை ஒன்று உண்டு. 'நீட்ஸ்' என்பது அதன் சுருக்கப் பெயர். கரன்ட் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி, நடுநடுவே கேள்வி கேட்டு விடையும் தருகிறது. கொஞ்சம் பழைய நடைதான், ஆனாலும் தொடக்கத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் இணைய வகுப்புகள் அப்புறம் பார்க்கலாம், அவற்றுக்குக் கணக்கு நன்றாக வர வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு சர்க்யூட்டின் கீழும் கால் படத்தையும், அந்த ரெசிஸ்டர் ஏன் அந்த அளவு என்பதையும் இரண்டு வரி போடுங்கள். 6 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 4 வோல்ட்டுக்கு 270 ஓம் போட்டால் 15 மில்லி ஆம்பியர் அளவில் நிற்கும். அதையே 12 வோல்ட்டில் கொடுத்தால் 37 மில்லி ஆம்பியர் வரை போய் எல்.இ.டி. கெட்டுவிடும். இது தெரிந்த பிள்ளை அடுத்த சர்க்யூட்டைத் தானே போடும்.

கூடவே பாடநூல் சொல், ஆங்கிலச் சொல், கடைச் சொல் மூன்றையும் சேர்த்து ஒரு பக்கம் வெளியிடுங்கள். நானும் அக்கா மகளும் இதுவரை ஐம்பது சொற்கள் எழுதி வைத்திருக்கிறோம். கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டிவி மெக்கானிக்,
தேனி மாவட்டம்