5:2:3 – மலருக்கு ஒரு கடிதம்

மலர்,

இந்தப் பருவத்திலிருந்து ஸ்பெக்ட்ராஸ்கோபி பேப்பரை நீதான் எடுக்கிறாயாம். செய்தி வேறு வழியாக வந்தது, போகட்டும். என்எம்ஆரின் பூஜ்யப் புள்ளியான டிஎம்எஸ், பக்கத்துப் புரோட்டான்களை எண்ணிப் பீக் எத்தனையாகப் பிரியும் என்று சொல்லும் என்+1 விதி எல்லாம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லேபில் அன்று நீ அமைப்பு வரைந்த அந்த சி9எச்10ஓ2 சேர்மம் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும்.

எந்த லேப், யார் யார் இருந்தார்கள் என்பதை விட்டுவிடுகிறேன். பலரும் படிக்கிற இடம் இது.

சிலிக்கா ஜெல்லில் ஹெக்ஸேன், எத்தில் அசிட்டேட் ஓட்டிப் பிரித்த திரவம். 400 மெகாஹெர்ட்ஸ் என்எம்ஆர் கருவி. பீக்கின் இடத்தைச் சொல்லும் பிபிஎம் அளவில் 7.3-ஐ ஒட்டி ஐந்து புரோட்டான், 3.69-இல் மூன்று, 3.62-இல் இரண்டு. நிறைவுறாமை எண் (வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் சேர்த்து) 5: பென்சீன் வளையத்துக்கு 4, கார்போனைலுக்கு 1. நீ பலகையில் பென்சைல் அசிட்டேட் வரைந்தாய். “5:2:3 வருதே” என்றாய். 2.05-இல் பிரியாமல் ஒற்றைப் பீக்காக நின்ற சின்ன சிங்லெட்டைக் காட்டி, இதுதான் அசிட்டைல் மெத்தில் என்றாய். விகிதத்தை ஓரிடத்திலிருந்தும் பீக்கை வேறிடத்திலிருந்தும் எடுத்திருந்தாய்.

“அந்த சிஎச்2 எங்கே வரணும், கணக்குப் போடு” என்றேன். நீ சாக்பீஸை வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

எல்லார் முன்னாலும் கேட்டது வலித்திருக்கும். அதற்கு மன்னித்துக்கொள். ஆனால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், பலகையில் இருந்தது அப்படியே அத்தனை பேர் நோட்டிலும் ஏறியிருக்கும். கேட்ட கேள்வியை இன்றும் திரும்பப் பெறமாட்டேன்.

கணக்கு இரண்டு வரிதான். சிஎச்2 வரும் இடத்தைக் கணிக்கும் ஷூலரி விதிப்படி 0.23-உடன் இரண்டு பக்கத்துத் தொகுதிகளின் மதிப்பையும் கூட்டு. ஃபீனைலுக்கு 1.85, ஆக்சிஜன் வழியாகச் சேரும் எஸ்டருக்கு 3.13: மொத்தம் 5.21. பென்சைல் அசிட்டேட்டின் சிஎச்2 நிஜத்திலும் 5.1-இல்தான் வரும். அதே எஸ்டர் கார்போனைல் பக்கமாகச் சேர்ந்தால் 1.55, மொத்தம் 3.63. உன் பீக் 3.62. மெத்திலும் அப்படியே: அசிட்டைல் என்றால் 2.1, மெத்தாக்சி என்றால் 3.7. ஆக அது மெத்தில் ஃபீனைல்அசிட்டேட். இரண்டுக்கும் விகிதம் ஒன்றே, இரண்டிலும் சிஎச்2-உம் மெத்திலும் சிங்லெட். பிரித்துக் காட்டுவது இடம் மட்டும்தான். (முன்னதில் மல்லிகை வாசனை, பின்னதில் தேன் வாசனை. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதே.)

கூரைபோல் சாயும் டப்லெட்களை (இரண்டாகப் பிரிந்த பீக்குகளை) பார்த்து எது எதோடு ஜோடி என்று, பிரிவின் இடைவெளியான ஜே மதிப்பை அளப்பதற்கு முன்பே சொல்லிவிடுவாய். அப்படியொரு கண் எங்களில் யாருக்கும் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு கூட்டல் போட மறுத்தாயே, அதுதான் ஆறவில்லை.

உன் மாணவர்கள் 60 மெகாஹெர்ட்ஸ் மேசைக் கருவியில் இதை ஓட்டினால் வேறொரு வம்பு வரும். 3.69-க்கும் 3.62-க்கும் இடைவெளி 0.07 பிபிஎம். 400-இல் அது 28 ஹெர்ட்ஸ், தெளிவாகப் பிரியும். 60-இல் 4 ஹெர்ட்ஸ் சொச்சம், கோணலான டப்லெட் போலத் தெரியும். ஷிம், அதாவது காந்தப்புலச் சீரமைப்பு, சரியில்லையென்றால் ஒரே மேடாகிவிடும். வேறு மெகாஹெர்ட்ஸ் கொண்ட கருவியிலும் ஓட்டிப் பார்க்கச் சொல். ஹெர்ட்ஸ் இடைவெளி மாறாவிட்டால் அது பக்கத்துப் புரோட்டான்களின் இணைப்பால் வந்த பிரிவு. மாறினால் இரண்டு தனி சிங்லெட்.

அந்த 2.05? அது தனியாக வரவில்லை. 4.12-இல் நான்காகப் பிரிந்த குவார்டெட், 1.26-இல் மூன்றாகப் பிரிந்த ட்ரிப்லெட், மூன்றும் 3:2:3. கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டாவேப்பில் போகாமல் தங்கிய எத்தில் அசிட்டேட். டைகுளோரோமீத்தேன் விட்டு இரண்டு முறை ஆவியாக்கினால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் வெற்றிட பம்ப்பில் நெடுநேரம் போடாதே, இந்த எஸ்டரும் கூடவே போகும். அரோமாட்டிக்கை 5.00 என்று வைத்தால் 2.05-இன் பரப்பு 0.30. மூன்றால் வகுத்தால் ஒரு மோலுக்கு 0.1 மோல். மூலக்கூறு எடை எத்தில் அசிட்டேட்டுக்கு 88, நம் எஸ்டருக்கு 150. எடையில் சுமார் 5.5 சதவீதம்.

நோட்டில் நீ எழுதிய யீல்டில் (கிடைத்த அளவில்) இதைக் கழிக்கவில்லை. அந்த நோட்டு இன்னும் லேப் அலமாரியில்தான் இருக்கிறது. உன் கையெழுத்துப் பக்கத்தில் நான் திருத்தமாட்டேன். வந்து நீயே திருத்து.