நாற்பது சென்டுக்கு மூன்று கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடும்பச் சொத்தில் பெண்களுக்குச் சமபங்கு உண்டு என்று தங்கள் இதழில் வந்த கட்டுரை நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டதுதான். ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் சேர்த்துப் பேசிவிட்டது. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எங்கள் கரையில் பக்கத்துப் பக்கத்து வேலிக்குள் மூன்று சட்டம் நடக்கிறது.

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தகப்பனார் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அவர் சுயமாகச் சம்பாதித்தது 40 சென்ட் தென்னந்தோப்பு. மனைவி, இரண்டு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். உச்சிப்புளியில் இந்துக் குடும்பம் என்றால் ஆளுக்கு 10 சென்ட். தங்கச்சிமடத்தில் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, அதாவது 13 சென்ட் சொச்சம். மீதியில் ஆண், பெண் வித்தியாசமில்லாமல் பிள்ளைகளுக்குத் தலா 9 சென்டுக்குக் கொஞ்சம் குறைவு. கீழக்கரையில் முஸ்லிம் குடும்பம் என்றால் மனைவிக்கு எட்டில் ஒன்றாக 5 சென்ட், மகன்களுக்கு 14, 14, மகளுக்கு 7.

இறந்தவரின் தாயார் உயிரோடிருந்தால் கணக்கு மாறும். இந்துக் குடும்பத்தில் அவரும் முதல் நிலை வாரிசு. ஆளுக்கு 8 சென்டாகிவிடும். முஸ்லிம் குடும்பத்தில் தாயாருக்கு ஆறில் ஒன்று. பிள்ளைகள் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்தில் தாயாருக்குப் பங்கு இல்லை. வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுக்கும்போது ‘கிழவிக்கு எதற்கு’ என்று இந்துக் குடும்பங்களில் பாட்டி பெயரை விட்டுவிடுகிறார்கள். பாட்டி போன பிறகு அந்த 8 சென்டுக்கு சித்தப்பாவும் அத்தையும் வந்து நிற்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

பூர்வீகச் சொத்து விஷயத்தில் கட்டுரை 2005-ஆம் வருடத் திருத்தத்தை மட்டும் சொன்னது. தமிழ்நாட்டில் 25.3.1989 முதலே மகளுக்குப் பிறப்புரிமை வந்துவிட்டது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது என்பதுதான் அதிலிருந்த குறை. 9.9.2005-இல் வந்த மத்தியத் திருத்தம் அந்தக் குறையை நீக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 20.12.2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையையும் நடந்த கிரயத்தையும் கிளற முடியாது.

பதிவான பாகப்பிரிவினை என்கிறேன், பதிவு செய்யாத கூர்ச்சீட்டு அல்ல. எங்கள் பக்கத் தகராறுகளில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஒரு கூர்ச்சீட்டு இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். முன்பே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதற்கு அது வெறும் குறிப்பாக இருந்தால் ஓரளவு நிற்கும். ‘இன்று முதல் இது உனக்கு, அது எனக்கு’ என்று அந்தத் தாளே பிரித்தால், பதிவு செய்யாதவரை பாத்தியத்துக்கு ஆதாரமாகாது. அக்கா தங்கைகள் ‘எனக்கு வேண்டாம்’ என்று நோட்டரியிடம் எழுதிக் கொடுப்பதும் அப்படியே. பங்கை விடுவதென்றால் பதிவான விடுதலைப் பத்திரம் வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு சகோதரிகளைச் சார்பதிவகத்துக்கு அழைத்துப் போகும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டுவிட்டால், அதை ரத்து செய்ய நீதிமன்றம்தான் போக வேண்டும்.

கீழக்கரைப் பக்கம் கல்யாணத்தின்போது மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. கொடுக்கிறேன் என்று சொல்லி, மகள் ஏற்று, வீட்டையும் ஒப்படைத்துவிட்டால் முஸ்லிம் சட்டத்தில் வாய்மொழி ஹிபா, அதாவது தானம், செல்லும். ஆனால் வீட்டு வரியும் மின் இணைப்பும் வாப்பா பெயரிலேயே கிடக்கும். வாப்பாவுக்குப் பிறகு சகோதரர் பிள்ளைகள் பங்கு கேட்டால், ஒப்படைத்ததற்குச் சாட்சி சொல்ல ஆள் இருக்காது. கொடுத்த வருடமே வரி ரசீதையாவது மாற்றி வைத்திருந்தால் பாதி வழக்கு வந்திருக்காது.

பாகம் பிரிக்கும்போது சென்டை மட்டும் சமமாக அளப்பது இன்னொரு தப்பு. கடலோர மணலில் ஒரு தோப்பில் ஒரு கிணறுதான் நல்ல தண்ணீராக இருக்கும். பத்தடி தள்ளித் தோண்டினால் உப்பு. சாலைமுகத்து 10 சென்டும் கடல்முகத்து 10 சென்டும் ஒரு விலையா? கடலை ஒட்டிய துண்டில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடு இருக்கும். நினைத்தபடி வீடு கட்ட முடியாது. ஆகவே பத்திரத்தில் கிணறு பொது, தண்ணீர் முறை இன்ன கிழமை யாருக்கு, பொது நடைபாதை எத்தனை அடி அகலம், வேலியோரப் பனை யாருடையது என்பதெல்லாம் வர வேண்டும். நான்கெல்லையோடு அளவு குறித்த வரைபடத்தையும் சேருங்கள். பட்டாவில் ஏர்ஸ், பழைய பத்திரத்தில் சென்ட். 1 ஏர்ஸ் 2.47 சென்ட். இதை மாற்றி எழுதும்போது நேரும் பிசகே அண்ணன் தம்பியை வரப்பில் நிறுத்திவிடும்.

உடன்பிறந்தோருக்குள் பாகப்பிரிவினை என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலை முதல் இவற்றின் உச்சவரம்பு ஒரு பங்குக்கு 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும். இந்தச் செலவுக்குப் பயந்து கூட்டுப்பட்டாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கூட்டுப்பட்டா பிரிவினை ஆகாது. பத்திரம் பதிந்த கையோடு உட்பிரிவுக்கு மனு கொடுத்து, சர்வேயர் அளந்து, புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) கோடு விழ வேண்டும். வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கும் தம்பி அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பும் பவர் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தூதரக முத்திரையே போதும் என்று பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

விசைப்படகைக் கட்டுரை தொடவே இல்லை. அப்பா பெயரிலுள்ள படகுப் பதிவை வாரிசு பெயருக்கு மாற்றாமல் தொழிலுக்கு விட்டு, அது இலங்கையில் பிடிபட்டால், அங்குள்ள நீதிமன்றம் உரிமையாளரை ஆவணத்தோடு வரச் சொல்லும். அங்கே போய் நிற்க யாருக்கு அதிகாரம் என்பதில் வீட்டில் சண்டை தொடங்கும். படகை அறுத்துப் பங்கிட முடியாது. ஒருவர் பெயருக்கு மாற்றி, மற்றவர்களுக்கு மதிப்பைப் பணமாகக் கொடுப்பதே வழி.

‘பன்னிரண்டு வருடம் நானே அனுபவித்தேன், எனக்கே சொந்தம்’ என்ற பேச்சும் ஊரில் உண்டு. கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவிப்பது எல்லாருக்காகவும் அனுபவிப்பதாகவே சட்டம் கருதும். ‘உனக்குப் பங்கில்லை’ என்று வெளிப்படையாக மறுத்து, அது மற்றவருக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் அந்தப் பன்னிரண்டு ஓடும். ‘என் பங்கை வெளியாளுக்கு விற்றுவிடுவேன்’ என்ற மிரட்டலுக்கும் முழு பலம் கிடையாது. பிரிக்காத குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் உள்ளே வந்து குடியேற முடியாது. பாகம் கேட்டு வழக்குத்தான் போட வேண்டும்.

அந்த வழக்கு முதல்நிலைத் தீர்ப்பாணை, ஆணையர் அளவீடு, இறுதித் தீர்ப்பாணை என்று நீளும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அங்கே சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்த உத்தரவு தீர்ப்பாணைக்குச் சமம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம். இராமநாதபுரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். போகும்போது இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரத்தின் நகல், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் கொண்டு போகவும். பிறப்புச் சான்று இல்லாத மூத்த சகோதரிகள் பள்ளிச் சான்றோ ஞானஸ்நானப் பதிவோ எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்,
இராமநாதபுரம்.